நம்பிக் காத்திருத்தல்



தன் கையே தனக்கு உதவி என்பதைக் கேளாதவர் உங்களுள் எவரும் இரார். முயற்சியின் பெருமையை வகுப்பறையிலும் மேடையிலும் நாள்தோறும் கேட்கிறீர்கள். வேண்டியதே. ஆயினும், நோயுற்ற தாயின் கட்டிலருகே, மருத்துவர் தம்மால் ஆனதெல்லாம் செய்துவிட்டு வெளியே சென்ற பிறகு, விடியும் வரை அமர்ந்திருக்கும் மகனை எண்ணிப் பாருங்கள். அவனுக்கு அவன் கை அப்போது உதவாது. அத்தகைய இடத்தில் மனிதன் எவ்வாறு இருத்தல் வேண்டும் என்பதை நம் வைணவ ஆசிரியர்கள் மிக நுணுக்கமாக ஆராய்ந்திருக்கின்றனர். அவ்வாராய்ச்சியில் ஒரு சிறு பகுதியையே இன்று பேச எடுத்துக்கொண்டேன்.

திருவரங்கத்தில் வாழ்ந்த பிள்ளை லோகாசாரியர், 'ஸ்ரீவசனபூஷணம்' என்னும் நூலில், இறைவனையே வழியாகப் பற்றுகிறவனுக்கு மூவரை எடுத்துக்காட்டாகக் கூறுகிறார். ஒருத்தி சீதாபிராட்டி, மற்றொருத்தி திரௌபதி, மூன்றாமவர் திருக்கண்ணமங்கையாண்டான். சீதை தன் ஆற்றலை விட்டாள். திரௌபதி, மானம் காக்கும் பொருட்டு ஆடையைப் பற்றியிருந்த கையை விட்டாள். ஆண்டானோ தம் செயலையே விட்டார்.

இம்மூவருள் என் நெஞ்சை மிகவும் ஈர்ப்பவள் சீதையே. அசோகவனத்தில் அவளைச் சூழ்ந்திருப்பவர் அரக்கியர். இராவணன் குறித்த தவணையோ குறைந்துகொண்டே வருகிறது. அந்நிலையில், அவனைச் சாம்பலாக்கும் ஆற்றல் தன்னிடம் உண்டு என்றும், இராமனது ஆணை இல்லாமையாலும் தன் தவத்தைக் காக்க வேண்டுதலாலும் அதனைச் செய்யவில்லை என்றும் அவனிடமே சொல்கிறாள். இது வான்மீகத்தில் உள்ளது. கம்பர் இன்னும் ஒரு படி மேலே செல்கிறார். தோளில் ஏற்றிக் கொண்டுபோய்விடுகிறேன் என்று அனுமன் வேண்டும்போது, உலகங்களையே சுட்டுவிடத் தன் சொல் ஒன்று போதும் என்றும், அது இராமன் வில்லுக்கு மாசாகும் என்றே அதனை வீசவில்லை என்றும் அவள் கூறுவதாகப் பாடுகிறார்.

இவ்விடத்தைச் சற்று நிதானித்துப் பார்க்க வேண்டும். திறமை அற்றவர்கள் வேறு வழியின்றிக் காத்திருப்பதையே நாம் பொறுமை என்று பெரும்பாலும் எண்ணுகிறோம். சீதையின் கதை அதற்கு நேர்மாறானது. தப்பிச் செல்ல வழி வந்து வாயிலில் நிற்கிறது. எரிக்கும் ஆற்றல் நாவில் இருக்கிறது. இரண்டையும் வைத்துக்கொண்டே அவள் காத்திருக்கிறாள். காப்பவன் ஒருவன் உண்டு, காத்தல் அவன் கடமை என்ற தெளிவு அவளுக்கு இருந்தது. அவன் செய்ய வேண்டியதைத் தான் செய்தால் அவனை நம்பவில்லை என்றே பொருளாகும்.

அதே சுந்தரகாண்டத்திலிருந்து இன்னொன்றையும் வைணவ ஆசிரியர்கள் எடுத்துக்காட்டுவர். இந்திரசித்து ஏவிய பிரமாஸ்திரம் அனுமனைக் கட்டியது. அறிவற்ற அரக்கர், அது போதாதென்று கருதிச் சணற்கயிறுகளாலும் மரவுரிகளாலும் அவனை வரிந்து கட்டினர். உடனே அஸ்திரம் தானே நீங்கிவிட்டது. வேறொரு கட்டை அது பொறுக்காது. இறைவனை நம்புகிறேன் என்று சொல்லிக்கொண்டே, எதற்கும் இருக்கட்டும் என்று உள்ளே ஒரு கயிற்றைத் திரித்துக்கொண்டிருக்கும் நம்மில் பலருக்கு இது உறைக்க வேண்டிய செய்தி.

ஆண்டானின் வரலாறு வேறு வகையானது. தன் நாயை மற்றொருவன் அடித்தான் என்பதற்காக ஒருவன் அவனோடு மோதி, உயிரையும் கொடுத்ததை அவர் கண்டாராம். தன்னுடையது என்று எண்ணிய ஒரு நாய்க்காக அற்ப மனிதன் இவ்வளவு செய்வானாயின், நம்மை உடையவன் என் செய்யமாட்டான் என்று எண்ணித் திருக்கண்ணமங்கைக் கோயில் வாயிலில் போய்க் கிடந்துவிட்டார். நாளைக்குத் தேர்வு இருக்கையில் இதனைப் பின்பற்றலாமா என்று கேட்பீர்கள். கூடாது, பசித்தாலும் எழுந்திராத உறுதி உடையவனுக்கே அவ்வழி. புத்தகத்தைத் திறக்கச் சோம்புகிறவனுக்கு ஆண்டானின் பெயரைச் சொல்ல உரிமை இல்லை.

மனித முயற்சிக்கு இதில் இடமுண்டா என்பது பழைய வழக்கு. குரங்குக்குட்டி தாயைப் பற்றிக்கொள்வதுபோல நாமும் சிறிதளவேனும் பற்ற வேண்டும் என்பது வேதாந்த தேசிகர் வழிவந்தோர் கொள்கை. தாய்ப்பூனை தன் குட்டியைத் தானே கவ்விச் செல்வதுபோல இறைவனே காப்பான் என்பது லோகாசாரியர் வழிவந்தோர் கொள்கை. வழக்கைத் தீர்ப்பது என் வேலையன்று. ஆனால் லோகாசாரியரின் வாழ்க்கை எனக்கு அவர் நூலினும் சிறந்த உரையாகத் தோன்றுகிறது.

1323-ஆம் ஆண்டில் தில்லிப் படை திருவரங்கத்தின்மேல் வந்தது. எல்லாம் அவன் செயல் என்று எழுதிய அம்முதியவர், வருவது வரட்டும் என்று திண்ணையில் அமர்ந்துவிடவில்லை. மூலவரை மறைத்துச் சுவர் எழுப்பப்பட்டது. உற்சவரான அழகிய மணவாளரை எழுந்தருளச் செய்துகொண்டு, சிலருடன் காட்டுவழியே தெற்கு நோக்கி நடந்தார். காக்கின்ற கடவுளைத் தாம் காத்துச் சென்றார் என்று எவரேனும் நகைக்கக்கூடும். அவர் அப்படி எண்ணியிருக்கமாட்டார். மகன் தந்தையைத் தோளில் சுமப்பது, தந்தை காப்பார் என்பதை மறுப்பதாகாது. பணி அவருடையது, பயன் அவருடையதன்று. மதுரையை அடுத்த யானைமலைப் பக்கத்தில், சோதிஷ்குடி என்று நூல்கள் கூறும் சிற்றூரில், பெருமாள் கோயிலுக்குத் திரும்புவதைக் காணாமலே அவர் கண்மூடினார் என்று குருபரம்பரை கூறும்.

பெருமாள் பின்னர் மலைநாடு, மேல்கோட்டை, திருமலை என்று பல இடங்களில் தங்கினார். விசயநகரத்தாரின் தளபதியான கோபணர் அவரைத் திரும்பக் கொணர்ந்து திருவரங்கத்தில் எழுந்தருளச் செய்தது 1371-ஆம் ஆண்டில். இடையில் சென்றவை 48 ஆண்டுகள். அச்செய்தியைக் கோயிற் சுவரில் கல்வெட்டாகப் பொறித்து வைத்திருக்கிறார்கள். திருவரங்கம் செல்லும்போது கேட்டுப் பார்த்து வாருங்கள்.