கார்த்திகைப்பூ வளர்ப்போம், கிழங்கில் கவனமாயிருப்போம்

(தோட்டக் குடும்பங்களின் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



1977ஆம், 1983ஆம் ஆண்டுக் கலவரங்களுக்குப் பிறகு மலையகத்தை விட்டு வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் போய்க் குடியேறிய சொந்தக்காரர் நம்மில் பலருக்கு உண்டு. அங்கே போய் வருகிறவர்கள் கார்த்திகைப்பூக் கிழங்கு கொண்டுவந்து லயத்து வாசலில் ஊன்ற ஆசைப்படலாம். நல்ல ஆசைதான். ஆனால் சில விசயம் தெரிந்திருக்க வேண்டும்.

வன்னியில் மாரி மழை விழுந்ததும் இது பற்றைகளிலும் வேலிகளிலும் தானாக முளைக்கும். இலை நுனியே சுருண்டு, கிடைத்ததைப் பிடித்துக்கொண்டு ஆளுயரத்துக்கு மேல் ஏறும். பூ முதலில் பச்சை கலந்த மஞ்சள், பிறகு மஞ்சளும் சிவப்பும், கடைசியில் நல்ல சிவப்பு. காந்தள் என்பதும் இதுதான். சிங்களத்தில் நியங்கலா. தமிழ்நாட்டின் மாநில மலரும் இதுவே.

கிழங்கைப் படுக்க வைத்து நாலு விரல் ஆழத்தில் மூடுங்கள். முளை நுனி ஒடியாமல் பாருங்கள். தண்ணீர் தேங்கினால் அழுகிவிடும். நம்ம பக்கத்து மழைக்கு மேட்டுப் பாத்திதான் சரி. ஏறுவதற்குக் கம்போ வேலியோ வேண்டும்.

இனித்தான் முக்கியமான விசயம். இதன் கிழங்கு, விதை, இலை, பூ எல்லாமே நஞ்சு. இதிலுள்ள கொல்கிசின் அளவோடு கொடுத்தால் மூட்டு வீக்கத்துக்கு மருந்து. அதற்காகத் தமிழ்நாட்டில் விதைக்கென்றே பயிரிடுகிறார்கள். கிழங்கைத் தின்றாலோ உயிர் போகலாம். அவித்தாலும் நஞ்சு போகாது.

பூத்திருக்கும்போது பார்த்தவுடன் தெரியும். கொடி காய்ந்த பிறகு மேலே ஓர் அடையாளமும் இராது. கிழங்கு மட்டும் மண்ணுக்குள் இருக்கும். அப்போது பாத்தியைக் கொத்தினால் வற்றாளங் கிழங்கு மாதிரி வெளியே வரும். அம்மா கொழுந்துக்குப் போன நேரம் பிள்ளை அதைச் சுட்டுத் தின்றால் என்ன ஆகும்?

ஆகவே, கிழங்குப் பாத்தியில் இதை ஊன்றாதீர்கள். ஊன்றிய இடத்தைச் சுற்றிக் கல் பதித்து வையுங்கள். பிள்ளை மடுவத்துப் பக்கம் வேண்டவே வேண்டாம். கிழங்கைத் தொட்டால் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள்.

யாராவது தின்றுவிட்டால் சில மணித்தியாலத்தில் தொண்டை எரியும், வாந்தியும் வயிற்றோட்டமும் வரும். கை வைத்தியம் பார்த்து நேரத்தைப் போக்காதீர்கள். வாந்தி நின்றாலும் நஞ்சு உள்ளே வேலை செய்யும். தின்றது தெரிந்ததுமே 1990க்கு அழைத்து ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மிச்சக் கிழங்கையும் எடுத்துப்போய் டொக்டரிடம் காட்டுங்கள்.

கூட்டத்துக்கு வராத பக்கத்துக் காம்பராக்காரருக்கும் இன்றைக்கே இதைச் சொல்லிவிடுங்கள்.