நெகட்டிவ் என்றால் நல்ல செய்தியா?

(அறக்கட்டளையின் தாய் சேய் நல முகாமில் நோய்க்குறியியல் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

நான் நாடி பிடித்து மருந்து எழுதும் டாக்டர் இல்லை. உடம்பிலிருந்து எடுத்த சதைத் துணுக்கை மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்த்து ரிப்போர்ட் எழுதுவது என் வேலை. அந்த ரிப்போர்ட்டில் வரும் ஒரே ஒரு சொல்லைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். கால்ரெட்டினின். பெயர் வாயில் நுழையாவிட்டால் பரவாயில்லை. அது சொல்லும் சேதி புரிந்தால் போதும்.

கால்சியம் என்றதும் எலும்பு, பல், பால் என்றுதான் நினைப்போம். நரம்புக்கும் அது வேண்டும். நரம்புச் செல்லுக்கு வெளியே இருக்கும் கால்சியம், உள்ளே இருப்பதைப் போல ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு. நரம்பு வேலை செய்யும்போது ஒரு கதவு திறந்து கொஞ்சம் கால்சியம் உள்ளே பாயும். அதுதான் அந்தச் செல்லுக்குக் கட்டளை. கட்டளை முடிந்ததும் உள்ளே வந்ததை ஒதுக்கியாக வேண்டும், இல்லையென்றால் செல் கெட்டுவிடும். உள்ளே வந்த கால்சியத்தைப் பிடித்து வைக்கச் சில புரதங்கள் உண்டு. பார்வால்புமின், கால்பிண்டின், கால்ரெட்டினின் எல்லாம் ஒரே குடும்பம். 1973இல் கிரெட்சிங்கர் என்ற அமெரிக்க விஞ்ஞானியும் உடனிருந்தவரும், கெண்டை மீனின் தசையிலிருந்து எடுத்த பார்வால்புமினை ஆராய்ந்தபோது, அது கால்சியத்தைப் பிடிக்கும் இடம் கட்டைவிரலையும் ஆள்காட்டிவிரலையும் விரித்து வைத்த கை போல இருப்பதைக் கண்டார்கள். கால்ரெட்டினினில் அப்படி ஆறு கைகள். 1987இல் கோழிக்குஞ்சின் விழித்திரையிலிருந்து இதை அடையாளம் கண்டார்கள். விழித்திரைக்கு ஆங்கிலத்தில் ரெட்டினா. பெயர் வந்தது அப்படித்தான்.

இந்தப் புரதம் எல்லா நரம்பிலும் இருப்பதில்லை. சில வகை நரம்புச் செல்களில் மட்டும் நிறைய இருக்கும். அதை மட்டும் தேடிப் போய் ஒட்டிக்கொள்ளும் ஒரு மருந்தைத் துணுக்கின் மேல் ஊற்றினால், இருக்கும் இடம் பழுப்பாகத் தெரியும். இல்லாத இடத்தில் பழுப்பு வராது. மார்க்கர் என்று ரிப்போர்ட்டில் எழுதுவது இந்த அடையாளத்தைத்தான்.

இனி குடலுக்கு வருவோம். குடலுக்குச் சொந்தமாக ஒரு நரம்புக் கூட்டம் உண்டு. உணவைத் தள்ளுவது, முன்னால் உள்ள பகுதியை இளக்கி வழி விடுவது எல்லாம் அதன் பொறுப்பு. குழந்தை கருவில் இருக்கும்போது இந்த நரம்புச் செல்கள் கழுத்துப் பக்கமிருந்து புறப்பட்டு, குடலோடு கீழே நடந்து, சுமார் பன்னிரண்டாவது வாரத்துக்குள் ஆசனவாய்ப் பக்கம் வந்து சேரும். சில குழந்தைகளுக்கு இந்தப் பயணம் பாதியில் நின்றுவிடுகிறது. நின்ற இடத்துக்குக் கீழே குடலில் நரம்பு முடிச்சுச் செல்களே இருக்காது. அந்தப் பகுதி இறுகியே கிடக்கும், இளகாது. மேலே மலமும் காற்றும் சேர்ந்து குடல் ஊதும்.

இதற்கு ஹிர்ஷ்ஸ்பிரங் நோய் என்று பெயர். 1886இல் டென்மார்க்கைச் சேர்ந்த அந்த டாக்டர் இரண்டு குழந்தைகளைப் பற்றி பெர்லினில் நடந்த கூட்டத்தில் எடுத்துச் சொன்னார். ஊதிப்போன குடல்தான் நோய் என்று அப்போது நினைத்தார்கள். பல காலம் ஊதிய பகுதியை வெட்டினார்கள், குழந்தைகள் குணமாகவில்லை. கீழே பார்ப்பதற்கு ஒரு குறையும் தெரியாத அந்தச் சிறுத்த பகுதிதான் குற்றவாளி என்பது நிலைநாட்டப்பட்டு, ஸ்வென்சன் என்ற அறுவை மருத்துவர் அதை நீக்கி நல்ல குடலைக் கீழே இழுத்துத் தைக்கும் முறையை வெளியிட்டது 1948இல்.

சுமார் ஐயாயிரம் குழந்தைகளில் ஒன்றுக்கு இது வருகிறது. ஆண் குழந்தைகளுக்கு நான்கு மடங்கு அதிகம். டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகளுக்கும், உடன்பிறந்தவருக்கு இது இருந்த பிள்ளைகளுக்கும் வாய்ப்பு கூடுதல். தாய் கர்ப்பத்தில் எதையோ சாப்பிட்டதால் வந்தது, சாப்பிடாததால் வந்தது என்று மருமகளைக் குறை சொல்லும் மாமியார்கள் இங்கே இருந்தால், தயவுசெய்து நிறுத்திவிடுங்கள்.

வீட்டில் எப்படித் தெரியும்? குழந்தையின் முதல் கருமலத்தை, நம் ஊரில் காட்டுப்பீ என்போமே, நிறைமாதக் குழந்தைகளில் பெரும்பாலானவை 24 மணி நேரத்துக்குள் கழித்துவிடும். 48 மணி நேரம் தாண்டியும் போகவில்லை என்றால் டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும். வயிறு ஊதல், பால் குடிக்க மறுத்தல், பச்சையாக வாந்தி, இவை சேர்ந்தால் அன்றே போக வேண்டும். பச்சை வாந்திக்கு இந்த நோயை விட அவசரமான காரணங்களும் உண்டு, அதனால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

இங்கே ஒரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும். பிள்ளை இரண்டு நாளாக வெளிக்குப் போகவில்லை என்றால், உம்மும்மா வெற்றிலைக் காம்பை விளக்கெண்ணெயில் தொட்டு ஆசனவாயில் வைப்பார். சிலர் சோப்புத் துண்டு வைப்பார்கள். இந்த நோய் உள்ள குழந்தைக்கு அப்படிச் செய்தால் அடைத்திருந்த காற்றும் மலமும் பீய்ச்சி அடித்து வெளியே வரும், வயிறு வற்றும், பிள்ளை சிரிக்கும். "பார்த்தியா, சரியாப் போச்சு" என்பார்கள். மூன்றாம் நாள் மறுபடி ஊதும், மறுபடி காம்பு. இப்படியே மாதங்கள், சில வீடுகளில் வருடங்கள் போய்விடுகின்றன. இடையில் திடீரென்று காய்ச்சலும் வயிற்று ஊதலும் நாற்றமடிக்கும் பேதியும் வந்தால், மலச்சிக்கல் பிள்ளைக்குப் பேதி ஆகிறதே, நல்லதுதானே என்று நினைப்பவர்களும் உண்டு. அது குடல் அழற்சி. இந்த நோயில் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் அதுதான்.

பயமுறுத்த வரவில்லை. தாய்ப்பால் மட்டும் குடிக்கும் பிள்ளை, முதல் சில வாரங்களுக்குப் பிறகு, நான்கைந்து நாள் மலம் கழிக்காமல் இருந்துவிட்டு மெதுவாகப் போவது சாதாரணம். வயிறு மெத்தென்று இருந்து, எடை ஏறினால் கவலை வேண்டாம். பிறந்த முதல் இரண்டு நாள் என்ன நடந்தது என்பதுதான் எங்களுக்கு முக்கியம். பிரசவத்துக்குப் போகிறவர்கள், முதல் மலம் போன நேரத்தை ஒரு தாளில் குறித்து வையுங்கள்.

சந்தேகம் வந்தால் மலக்குடலின் உள்பக்கத்திலிருந்து மிகச் சிறிய துணுக்கு எடுப்பார்கள். பயாப்ஸி என்றதும் கேன்சரா என்று கேட்டு உம்மாமார் அழுவதைக் கேள்விப்பட்டிருக்கிறேன். கேன்சருக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. பச்சைக் குழந்தைக்கு உறிஞ்சி எடுக்கும் ஒரு கருவியால் எடுக்கலாம். எடுக்கும் உயரத்தில் வலி உணரும் நரம்பு கிடையாது.

முன்பு அந்தத் துணுக்கைப் பல பத்துத் தகடுகளாகச் சீவி, முடிச்சுச் செல் இருக்கிறதா என்று தேடுவோம். பிறந்த குழந்தையில் அந்தச் செல் முதிர்ந்திருக்காது, பக்கத்துச் செல் போலவே தெரியும். தேடித் தேடிக் காணவில்லை என்றால், இல்லவே இல்லையா, நம் கண்ணுக்குப் படவில்லையா என்ற குழப்பம். இன்னொரு சாயம் உண்டு, ஆனால் அதற்குத் துணுக்கை உடனே உறைய வைக்க வேண்டும். சிறிய ஊர்களில் அந்த வசதிக்கு எங்கே போவது? கால்ரெட்டினின் சோதனையை, ஃபார்மலினில் போட்டு மெழுகில் பதித்த சாதாரண துணுக்கிலேயே செய்யலாம். 2004 முதல் இதைப் பற்றிய ஆய்வுகள் வரத் தொடங்கின. நல்ல குடலில் முடிச்சுச் செல்லே கிடைக்காவிட்டாலும், மேல் அடுக்கில் மெல்லிய நரம்பிழைகள் பழுப்பாகத் தெரியும். நோயுள்ள பகுதியில் அந்த இழை ஒன்றுகூட வராது.

இப்போது தலைப்புக்கு வருகிறேன். ரிப்போர்ட்டில் "கால்ரெட்டினின் நெகட்டிவ்" என்று இருக்கும். சர்க்கரை நெகட்டிவ், காசநோய் நெகட்டிவ் என்று கேட்டுப் பழகிய நமக்கு அது நிம்மதி தரும் சொல். இங்கே நெகட்டிவ் என்றால் இருக்க வேண்டிய நரம்பு இல்லை, நோய் இருக்கிறது என்று பொருள். பாசிட்டிவ் என்றால் நரம்பு இருக்கிறது. இன்னொரு வேடிக்கை, கல்நார் தூசியால் நுரையீரல் உறையில் வரும் புற்றுநோயைக் கண்டுபிடிக்கவும் இதே புரதம்தான் உதவுகிறது. அங்கே பாசிட்டிவ் என்பதுதான் நோயின் பக்கம் பேசும். ஆகவே ஒரு சொல்லைப் படித்துவிட்டு ரிப்போர்ட்டை பீரோவில் வைத்துப் பூட்டிவிடாதீர்கள். டாக்டரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: "என் பிள்ளைக்குக் குடலில் நரம்பு இருக்கா, இல்லையா?"

இந்தச் சோதனையும் தவறாத ஒன்று இல்லை. ஆசனவாய்க்கு மிக அருகில் எடுத்தால் நல்ல குழந்தைக்கும் அங்கே நரம்பு குறைவாகவே இருக்கும். மாஸ்ட் செல் என்ற வேறொரு செல்லும் பழுப்பாகும், அதை நரம்பு என்று எண்ணி ஏமாறலாம். நோய்ப் பகுதி மிகக் குட்டையாக இருந்தால் மங்கலாக ஏதோ தெரியும். "துணுக்கு போதவில்லை, மறுபடி எடுக்கவும்" என்று நாங்கள் எழுதினால், பணம் பிடுங்க எழுதுகிறார்கள் என்று கோபப்பட வேண்டாம். பாதி நம்பிக்கையில் ஒரு பிள்ளையின் குடலை அறுக்கச் சொல்ல எங்களுக்கு மனம் வராது.

அறுவை சிகிச்சை முடிந்ததும் பெரும்பாலான பிள்ளைகள் நன்றாக வளர்கிறார்கள். சிலருக்கு முதலில் வயிற்றில் ஒரு தற்காலிகத் துளை வைத்து மலத்தை வெளியே விடுவார்கள். அதை மறைத்து வைத்து, சொந்தக்காரர் வீட்டுக்கும் தூக்கிப் போகாமல் உம்மாவும் பிள்ளையும் அறைக்குள் கிடக்கும் வீடுகள் உண்டு. அந்தத் துளை பெரும்பாலும் சில மாதங்களில் மூடப்படும். பிறகும் சிலருக்கு மலச்சிக்கலோ, உடையில் பட்டுவிடுவதோ கொஞ்ச வருடம் இருக்கலாம். மதரஸாவிலும் பள்ளியிலும் உஸ்தாதுகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், பிள்ளை கேட்டதும் வெளியே விடட்டும்.

துணுக்கு பதித்த மெழுகுக் கட்டி லேபில் பத்திரமாக இருக்கும். இரண்டாவது கருத்து வேண்டுமென்றால், பிள்ளையை மறுபடி வருத்தத் தேவையில்லை. கடிதம் கொடுத்து அந்தக் கட்டியைக் கேட்டு வாங்கி, வேறு லேபில் காட்டலாம். ரிப்போர்ட் கொண்டு வந்திருப்பவர்கள் லுஹருக்குப் பிறகு பதிவு மேசைக்கு வாருங்கள். அஸர் வரை இங்கேதான் இருப்பேன்.