ஏரிக்கரையில் நடப்பவர்களும் எஸ்டேட்டுக்கு நடப்பவர்களும்

(அம்பத்தூரில் இளைஞர்கள் கூடிய ஒரு கலந்துரையாடலில் பேசியதன் எழுத்து வடிவம்)



ஏரியைப் பற்றியும் சாலையைப் பற்றியும் பேசச் சொன்னீர்கள். இரண்டையும் ஏன் ஒரே கூட்டத்தில் வைத்திருக்கிறார்கள் என்று முதலில் குழம்பினேன். பிறகுதான் உறைத்தது, நூறு வருடத்துக்கு முன்பே இரண்டையும் சேர்த்துத்தான் பேசியிருக்கிறார்கள். 1924இல் சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் போராடிக் கொண்டுவந்த தீர்மானத்தின் சாரம் என்ன? பொதுச் சாலையில் எவரும் நடக்கலாம், பொதுக் கிணற்றையும் குளத்தையும் எவரும் பயன்படுத்தலாம். அதே வருடம்தான் வைக்கத்தில் கோயிலைச் சுற்றியிருந்த தெருக்களில் நடப்பதற்காகப் போராட்டம் தொடங்கியது, பெரியார் சிறைக்குப் போனார். 1927இல் மகத்தில் அண்ணல் அம்பேத்கர் சவுதார் குளத்தில் இறங்கித் தண்ணீரைக் கையில் அள்ளினார். "சுற்றுச்சூழல், சைக்கிள் எல்லாம் அடையாறு பக்கத்து ஆட்களின் பொழுதுபோக்கு, நமக்கெதற்கு" என்று நம் தோழர்களே சிலர் சொல்லும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். நமக்குத்தான் தோழர்களே அது பழைய விஷயம்.

என் வீட்டுக் கதையைக் கொஞ்சம் சொல்கிறேன். அப்பா எண்பதுகளில் எஸ்டேட்டுக்கு வேலைக்கு வந்தவர். லேத் ஆபரேட்டர். சொந்த ஊர் செய்யாறு பக்கம். ஊரில் அவருடைய சித்தப்பா ஒரு பழைய சைக்கிள் வைத்திருந்தார். ஊர்த்தெரு வந்ததும் இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டும், அந்தக் கடைசி வீடு தாண்டிய பிறகுதான் திரும்ப ஏறலாம். இது உங்களில் பலர் வீட்டுக் கதையும்கூட. அம்பத்தூருக்கு வந்து முதல் போனஸில் அப்பா வாங்கியது ஒரு ஹெர்குலஸ் சைக்கிள். அது இந்த ஊர் வண்டி. 1949இல் தொடங்கிய டிஐ சைக்கிள்ஸ் கம்பெனியின் தொழிற்சாலை அம்பத்தூரில்தான் இருந்தது. "இங்க யாரும் இறங்குடான்னு சொல்ல மாட்டான்" என்று அப்பா பெருமையாகச் சொல்வார். பதினாறு வருடம் ஓட்டினார். ஒருநாள் ராத்திரி செகண்ட் ஷிப்ட் முடிந்து வரும்போது லாரி ஒன்று உரசிக்கொண்டு போனது. தெருவிளக்கு எரியவில்லை. ஒதுங்கலாம் என்றால் ஓரத்தில் மூடியில்லாத கால்வாய். இடது முழங்கால் போயிற்று. அப்புறம் சைக்கிள் ஏறவேயில்லை. "ஊர்ல அவனுங்க இறக்கினானுங்க, இங்க லாரி இறக்கிடுச்சு" என்று சிரித்துக்கொண்டேதான் சொல்வார். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்காது.

நாடு முழுக்க 2022ஆம் வருடம் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்று ஒன்றிய அரசின் அறிக்கை சொல்கிறது. ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் நடந்துபோனவர். விபத்துகளின் எண்ணிக்கையில் அந்த வருடம் முதலிடம் தமிழ்நாட்டுக்கு. இறந்தவர்களின் சாதி, கூலி, ஷிப்ட் நேரம் ஆகியவற்றுக்கு அந்த அறிக்கையில் கட்டம் கிடையாது. ஆனால் பட்டரவாக்கம் ஸ்டேஷனில் காலை ஏழரை மணிக்கு நின்று பாருங்கள். சாப்பாட்டுப் பையோடு இறங்கி எக்ஸ்போர்ட் கம்பெனிகளுக்கு வரிசையாக நடக்கும் பெண்களைப் பாருங்கள். அவர்கள் உடற்பயிற்சிக்காக நடக்கவில்லை. ஷேர் ஆட்டோவுக்குக் கொடுக்கும் காசு மிச்சமாகட்டும் என்று நடக்கிறார்கள். தார் ரோட்டின் ஓரத்தில், கண்டெய்னர் லாரிக்கும் சாக்கடைக்கும் நடுவில் ஒரு முழ இடத்தில்.

நல்ல கொள்கை இல்லாமல் இல்லை. சென்னை மாநகராட்சி 2014இலேயே மோட்டார் அல்லாத போக்குவரத்துக்கு ஒரு கொள்கையை ஏற்றுக்கொண்டது. போக்குவரத்துக்கான பட்ஜெட்டில் குறைந்தது 60 சதவீதம் நடப்பவர்களுக்கும் சைக்கிள் ஓட்டுபவர்களுக்கும் என்று அதில் எழுதியிருக்கிறது. அம்பத்தூர் அப்போது மாநகராட்சியோடு சேர்ந்து மூன்று வருடம் ஆகியிருந்தது, ஏழாவது மண்டலம். 2019இல் பாண்டிபஜாரில் அகலமான நடைபாதை திறந்தார்கள். நானும் குழந்தையைக் கூட்டிக்கொண்டு போய் நடந்துவிட்டு வந்தேன், நன்றாகவே இருந்தது. துணி வாங்கப் போகிறவர்களுக்கு அப்படி ஒரு நடைபாதை கிடைக்கிறது, அந்தத் துணியைத் தைக்கிறவர்களுக்கு அதில் கால்வாசிகூட இல்லையே என்பதுதான் என் கேள்வி.

இப்போது ஏரிக்கு வருகிறேன். அம்பத்தூர் ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாகக் கொரட்டூர் ஏரிக்கு, அங்கிருந்து ரெட்டேரிக்கு என்று தண்ணீர் போகும். மேலே இருப்பவர் கழிவைத் திறந்துவிட்டால் கீழே இருப்பவர் தலையில்தான் வரும். கொரட்டூரில் அதுதான் நடந்தது. மழைநீர்க் கால்வாய் வழியாக வீட்டுக் கழிவுநீரும் தொழிற்சாலைக் கழிவும் ஏரிக்குள் இறங்கியது. அங்கே கொரட்டூர் ஏரி பாதுகாப்பு மக்கள் இயக்கம் என்று பொதுமக்களே சேர்ந்து வருடக்கணக்கில் அலைந்து, பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு வரை கொண்டுபோனார்கள். ஒரு ஏரியின் தலைவிதியை அந்த ஊர்க்காரர்கள் கையில் எடுத்த நல்ல உதாரணம் அது. அவர்கள் பிடித்த இடம் முக்கியம்: கழிவு எங்கிருந்து வருகிறது, யார் விடுகிறார்கள்?

ஆனால் "மக்கள் பங்கேற்பு" என்ற வார்த்தையை யார் சொன்னாலும் நான் ஒரு நிமிடம் நின்றுதான் கேட்பேன். நம் ஊரில் அதற்குப் பழைய பெயர் குடிமராமத்து. 2017இல் தமிழ்நாடு அரசு அதே பெயரில் திட்டத்தைத் திரும்பக் கொண்டுவந்தபோது, அந்தக் காலத்தில் ஊரே கூடி ஏரியைத் தூர்வாரியது என்று எத்தனை கட்டுரைகள் வந்தன! ஊர் கூடியது சரி. சேற்றில் இறங்கியது யார், கரையில் நின்று கை காட்டியது யார்? 1858இல் வெள்ளைக்காரன் இதற்குப் போட்ட சட்டத்தின் பெயரே கட்டாய உழைப்புச் சட்டம். பல ஊர்களில் மடை திறந்து வயலுக்கு வயல் தண்ணீர் பாய்ச்சிய நீர்க்கட்டிகள் தலித்துகள். ஏரியின் ஒவ்வொரு மதகும் எவ்வளவு திறந்தால் எவ்வளவு தூரம் போகும் என்பது அவர்களுக்குத்தான் அத்துப்படி. அந்தத் தண்ணீர் பாய்ந்த நிலத்தில் அவர்களுக்குப் பெரும்பாலும் ஒரு காணிகூடக் கிடையாது, ஊர்க் கிணற்றில் வாளி போட உரிமையும் கிடையாது. இதையெல்லாம் சொல்லாமல் "நம் முன்னோர்களின் நீர் மேலாண்மை" என்று பெருமை பேசினால் எனக்குக் காது கூசுகிறது. இன்றைக்கும் நம் நகரத்தின் கழிவுநீரைப் பற்றிப் பேசும்போது, 2013 சட்டம் தடைசெய்த பிறகும் மலக்குழிக்குள் இறக்கப்படுபவர்கள் யார் என்று கேட்காமல் ஏரியைப் பற்றி மட்டும் பேச முடியாது.

இதை ஏன் இழுக்கிறேன் என்றால், போன மாதம் என் கைக்கு ஒரு மனு வந்தது. நம் பகுதியில் ஓர் ஏரிக்கரை. பெயர் வேண்டாம், உங்களுக்கே தெரியும். காலையில் நடைப்பயிற்சிக்கு வருகிறவர்கள் நல்ல மனதோடுதான் எழுதியிருக்கிறார்கள். பிளாஸ்டிக் பொறுக்குகிறார்கள், மரம் நடுகிறார்கள், நானும் இரண்டு ஞாயிற்றுக்கிழமை போயிருக்கிறேன். மனுவில் மூன்று கோரிக்கை. கழிவுநீரைத் தடுக்க வேண்டும், சரி. கரையில் நடைபாதை போட்டு, கேட் வைத்து, காலையும் மாலையும் மட்டும் திறக்க வேண்டும். கரையோரக் குடிசைகளை ஆக்கிரமிப்பு என்று அகற்ற வேண்டும்.

கேட் வைத்தால் என்ன ஆகும்? அந்தக் கரைதான் அங்கே குடியிருக்கும் பெண்கள் ராத்திரி ஷிப்ட் முடிந்து லாரி இல்லாத வழியாக வீட்டுக்கு வரும் பாதை. அதைப் பூட்டினால் அவர்கள் மெயின் ரோட்டைச் சுற்றித்தான் வர வேண்டும். என் அப்பாவுக்குக் கால் போனது அந்த மாதிரி ரோட்டில்தான். நடைபாதை கேட்கும் மனுவே நடந்துகொண்டிருப்பவர்களின் பாதையை அடைக்கிறது. எழுதியவர்களுக்கு அது தோன்றவேயில்லை. அவர்களைக் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. அந்தப் பெண்களை அவர்கள் ஒருமுறைகூடச் சந்தித்ததில்லை, அவ்வளவுதான்.

ஆக்கிரமிப்பு என்ற சொல்லையும் கொஞ்சம் கிளறிப் பார்ப்போம். ஏரிகளைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் 2007இல் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. சட்டம் வேண்டியதுதான். ஆனால் தியாகராய நகர் மாம்பலம் ஏரி மேல் இருக்கிறது, வள்ளுவர் கோட்டம் நுங்கம்பாக்கம் ஏரி மேல். நமக்குப் பக்கத்திலேயே முகப்பேரில் ஒரு பகுதியின் பெயரே ஏரித் திட்டம்! அரசு கட்டினால் திட்டம், ஆள் இல்லாதவன் கட்டினால் ஆக்கிரமிப்பு. கூவம் கரையில் இருந்தவர்களைப் பெரும்பாக்கத்தில் கொண்டுபோய் விட்டதைப் பார்த்தோம். வேலை ஒரு மூலையில், வீடு இன்னொரு மூலையில். எஸ்டேட்டுக்கு நடந்து வந்த ஒரு பெண்ணை அங்கே குடியேற்றினால் வேலை போகும், இல்லையென்றால் பொழுதில் பாதி பஸ்ஸில் போகும். குடிசைகளில் வெள்ளம் வரும், அங்கேயே இருக்க வேண்டும் என்று நான் ரொமான்டிக்காகச் சொல்லவில்லை. மாற்று வீடு இதே அம்பத்தூருக்குள், நடக்கும் தூரத்தில் வேண்டும். அது வரைக்கும் கழிவுநீர் இணைப்பு கொடுங்கள். ஏரிக்குள் கழிவை விடும் பெரிய குழாய்களை முதலில் எண்ணுங்கள், குடிசைகளைப் பிறகு எண்ணலாம்.

ஆக, அந்த மனுவைக் கிழிக்க வேண்டாம், திருத்துவோம். முதல் கோரிக்கை அப்படியே இருக்கட்டும். இரண்டாவதில் கேட் வேண்டாம், விளக்கு வேண்டும், ராத்திரி பன்னிரண்டு மணிக்கும் எரிகிற விளக்கு. அதோடு ஸ்டேஷனிலிருந்து எஸ்டேட் வரைக்கும் தொடர்ச்சியான நடைபாதை, மூடியுள்ள கால்வாய், சைக்கிளுக்கு இடம். நடைபாதை என்றதும் தள்ளுவண்டி இட்லிக்கடை அக்காவை விரட்ட வருவார்கள். தெரு வியாபாரிகளுக்கான 2014 சட்டப்படி வெண்டிங் கமிட்டியில் 40 சதவீதம் வியாபாரிகளே இருக்க வேண்டும், அதைக் கேளுங்கள். மூன்றாவது பத்தியை எடுத்தால்தான் நான் கையெழுத்துப் போடுவேன் என்று சொல்லியிருக்கிறேன். சிலருக்கு என் மேல் கோபம். வாட்ஸ்அப் குழுவில் யாரும் குட் மார்னிங்கூடப் போடுவதில்லை.

2022இல் நகர்ப்புறத்துக்கும் பகுதி சபை என்று விதி வந்துவிட்டது, கிராம சபை மாதிரி. அடுத்து நம் வார்டில் அது கூடும்போது இந்தத் திருத்திய மனு அங்கே போக வேண்டும். அதற்கு முன்னால் கரையில் இருக்கிற பெண்களோடு உட்கார்ந்து பேசவேண்டும். ஞாயிறு காலை ஆறு மணி என்று யாரோ குழுவில் போட்டிருந்தார்கள். அந்த நேரத்தில் அவர்கள் குடத்தோடு தண்ணீர் லாரிக்கு நிற்பார்கள். சனிக்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு வைப்போம், கரையிலேயே. டார்ச் எடுத்து வாருங்கள், அங்கே இன்னும் விளக்கு இல்லை.