விருந்தினரும் கிணறும்

திருகோணமலைப் பட்டினத்திலிருந்து நிலாவெளிக்குச் செல்லும் வீதியிலே உப்புவெளியைக் கடந்து, கடற்பக்கமாகத் திரும்பிச் சென்றால் சல்லி என்னும் கிராமத்தை அடையலாம். சாம்பல்தீவை அடுத்துள்ள இச்சிற்றூர் கடற்றொழிலாளரின் ஊர். சாம்பல்தீவு பெயரளவிலேதான் தீவு. ஆயினும் ஒருபால் கடலும் ஒருபால் களப்புமாக நீர் அணைந்து கிடக்கும் அந்நிலப்பரப்பைப் பார்ப்போர், பெயரிட்டவர்களைக் குறைகூற மாட்டார்கள். சல்லியின் கடலோரத்திலே முத்துமாரியம்மன் கோவில் இருக்கிறது. ஆண்டுப் பொங்கலின்போது பல ஊர்களிலிருந்தும் சனங்கள் அங்கே வந்து கூடுவர்.

வெளியூரார் வந்து தங்குவது இப்பகுதிக்குப் புதிதன்று. திருஞானசம்பந்தர் பதிகம் பெற்ற கோணேசர் கோவிலை நாடி யாத்திரிகர் காலங்காலமாக வந்துள்ளனர். உறவினர் இல்லங்களும் மடங்களும் அவர்களுக்கு இடம் தந்தன. ஆங்கிலேயர் ஆட்சியில், உத்தியோகத்தர் ஒருநாட் பயணத்தின் முடிவிலே தங்கிச் செல்வதற்கென்று வீதியோரங்களில் வாடிவீடுகள் எழுந்தன. 1966 ஆம் ஆண்டிலே உல்லாசப் பிரயாண சபை அமைக்கப்பட்ட பின்னர், உப்புவெளி, நிலாவெளிக் கரைகளிற் பெரிய ஹோட்டல்கள் தோன்றின. யுத்த காலத்தில் அவை பெரும்பாலும் வெறிச்சோடின. 2004 ஆம் ஆண்டு டிசம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை கரையை அடித்துச் சென்றது. 2009 இல் யுத்தம் முடிந்த பின்னரே இக்கடற்கரைக்கு மீண்டும் பிரயாணிகள் பெருந்தொகையாக வரலாயினர்.

இவ்வாறு வருவோரிற் பலருக்கு நாட்டம் புறாமலைமீது. நிலாவெளிக்கு எதிரே, கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் தொலைவில் இருக்கும் அத்தீவு 1963 இற் சரணாலயமாகவும் 2003 இல் தேசிய வனமாகவும் பிரகடனம் செய்யப்பட்டது. மாடப்புறாக்கள் வாழ்வதால் வந்த பெயர். சுற்றிலும் பவளப்பாறை. பகலிற் சென்று பார்க்கலாம். இரவிலே தங்குவதற்கு அங்கு விடுதி இல்லை. ஆகவே, தீவைப் பார்க்க வருவோர் தங்குவதெல்லாம் எதிர்க்கரையில். அக்கரையிலே அவர்கள் யாருடைய கூரையின் கீழ்த் துயில்கிறார்கள் என்பதே இப்பேச்சின் பொருள்.

கிடுகு வேய்ந்து, மரக்கட்டில் போட்டு, வாசலிலே குத்துவிளக்கும் வைத்துவிட்டால் அது கிராமத்து விடுதி என்று விளம்பரம் செய்துவிடலாம். இந்நாளில் அத்தகைய விளம்பரங்களுக்குக் குறைவில்லை. ஆனால் கிடுகு யாருடையது என்பதல்ல கேள்வி. காணி உறுதி யாருடைய பெயரில் இருக்கிறது, கிணற்றில் இருந்து நீர் இறைப்பவர் யார், மாத முடிவிலே மிஞ்சும் பணம் எந்த ஊருக்குப் போகிறது என்பவையே கேள்விகள். சீமெந்துக் கூரை போட்ட சாதாரண வீடாயினும், வீட்டார் உள்ளே குடியிருந்து ஓர் அறையை விருந்தினருக்கு ஒதுக்குவார்களாயின், அதுவே ஊரவர் விடுதி.

முதலிற் கிணற்றைப் பார்ப்போம். கரையோர மணலிலே மழைநீர் சுவறி, அடியிலுள்ள கனமான உப்புநீரின்மேல் மெல்லிய படையாக மிதந்து நிற்கிறது. இதன் கணக்கைச் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்துக்குச் சற்று முன்னும் பின்னுமாகக் கெய்பன் என்ற ஒல்லாந்தரும் ஹெர்ஸ்பேர்க் என்ற ஜேர்மானியரும் தனித்தனியே கண்டு சொன்னார்கள். கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி உயரத்துக்கு நன்னீர் நிற்குமாயின், அதன் கீழே ஏறத்தாழ 40 அடி ஆழத்துக்கு நன்னீர் இருக்கும் என்பது அக்கணக்கு. மறுதலையாகப் பார்த்தாற்றான் அதன் கொடுமை விளங்கும். மேலே ஓரடி குறைந்தால், உப்புநீர் கீழிருந்து நாளடைவில் 40 அடி ஏறிவர இடமுண்டு. துலாவால் இறைத்த காலத்திலே, இறைப்பவனுடைய கைகளே அளவுகோலாக இருந்தன. கை சோர்ந்தால் கிணறு இளைப்பாறும். மின்பம்பிக்குக் கை சோர்வதில்லை.

இன்னொரு சங்கடமும் உண்டு. திருகோணமலைக்கு ஆண்டு மழையின் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் ஜனவரி வரையான வாடைக் காலத்திலே கிடைத்துவிடுகிறது. கடல் அமைதியாகி, நீர் தெளிந்து, பிரயாணிகள் வந்து குவிவதோ மே மாதம் முதல் செப்ரெம்பர் வரை. அதாவது, கச்சான் காற்று வீசி நிலம் காய்ந்து கிடக்கும் மாதங்களிலேதான் மிகுதியான நீர் வேண்டப்படுகிறது. நீச்சல் தடாகமும் புற்றரையும் வைத்துள்ள ஒரு விடுதி, தன் ஆழ்கிணற்றிலே உவர் ஏறினால் நீர் வண்டியை வரவழைத்துக்கொள்ளும். அயல் வீட்டுக்காரி என்ன செய்வாள்? அவளுடைய கிணற்றில் ஏறிய உப்பு அடுத்த மாரி பெய்யும் வரையிலாவது இறங்காது. வீட்டோடு சேர்ந்த விடுதி நடத்துபவளோ, தன் பிள்ளைகள் குடிக்கும் கிணற்றிலிருந்தே விருந்தினருக்கும் நீர் எடுக்கிறாள். அவளுக்கு எவரும் சிக்கனம் போதிக்க வேண்டியதில்லை. காலையிலே கிணற்றை எட்டிப் பார்ப்பதே போதும்.

அடுத்தது மணல். கரைவலை இழுப்பதற்கு நீண்ட வெறுங்கரை வேண்டும். தோணியிலே வலையை வளைத்து வந்து, இரு புறமும் ஆட்கள் நின்று கயிறு பிடித்து, மடி கரையேறும் வரை நகர்ந்து நகர்ந்து இழுப்பார்கள். அதற்கென்று வழக்கத்தால் அமைந்த இடம் பாடு எனப்படும். அந்தப் பாட்டின் குறுக்கே ஒரு வேலி வந்தால் வலை வீட்டிலே கிடக்க வேண்டியதுதான். கரைவலைக்கு உகந்த மாதங்களும் பிரயாணிகள் வரும் மாதங்களும் ஏறக்குறைய ஒன்றே என்பதனால், ஒரே மணலை ஒரே காலத்தில் இருவர் கேட்கின்றனர். 1981 ஆம் ஆண்டின் 57 ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டம், உயர்நீர் மட்டத்திலிருந்து நிலப்பக்கமாக 300 மீற்றர் வரையுள்ள பகுதியைக் கரையோர வலயத்துள் அடக்கி, அங்கே கட்டடம் எழுப்புவதற்கு அனுமதி பெற வேண்டும் என்று விதித்துள்ளது. நல்ல சட்டம். ஆனால் ஒரு காணி பேர்ச்சுக் கணக்கில் விலைபோய், கைமாறி, மதில் எழும்பிய பின்னர் சட்டப் புத்தகத்தைத் திறப்பவர்களே நம்மிடையே அதிகம்.

வாங்கியவர் மீது மட்டும் குற்றம் சுமத்துவது நேர்மையாகாது. மகளின் கலியாணத்துக்கும் தோணியின் இயந்திரத்துக்கும் பணம் தேவைப்படும்போது, கடலோரத் துண்டுக் காணி ஒன்றே விற்பதற்கு இருக்கிறது. விற்ற பணம் சில ஆண்டுகளிற் கரைந்துவிடும். பிறகு அதே காணியிலே எழுந்த விடுதியில் அவருடைய மகன் தோட்ட வேலைக்கோ காவல் வேலைக்கோ போவான். வேலை கிடைத்ததே என்று சொல்வார்கள். வேலை கிடைப்பது நன்மையே, மறுப்பதற்கில்லை. எனினும் சம்பளம் வேறு, உடைமை வேறு.

இவ்வேறுபாட்டைத் தெற்கே மாலைதீவு தெளிவாகக் காட்டியிருக்கிறது. அந்நாட்டின் ஏறத்தாழ 1,200 தீவுகளுள் மக்கள் குடியிருப்பவை 200 க்கும் குறைவு. 1972 இலே அங்கு உல்லாசப் பிரயாணத் தொழில் தொடங்கியது. தொடக்க காலத்திலே மக்கள் வாழும் தீவுகளிலும் விருந்தினர் தங்கினர். 1980களில் அது நிறுத்தப்பட்டது. குடியில்லாத் தீவு ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு விடுதி என்பதே நியமமாயிற்று. சமயமும் மரபும் கெடாமல் மக்களைக் காப்பதற்காக என்று காரணம் சொல்லப்பட்டது. அதன் விளைவாகப் பணமும் மக்கள் வாழும் தீவுகளின் பக்கம் அதிகம் எட்டிப் பார்க்கவில்லை. ஊர்த்தீவில் இருந்தவன் விடுதித் தீவுக்குக் கூலிக்குப் போகலாம். தன் வீட்டு அறையை வாடகைக்கு விட இயலாது. 2009 ஐ ஒட்டியே இந்நிலை மாறிற்று. மக்கள் வாழும் தீவுகளிலே விருந்தினர் இல்லங்களுக்கு இடங்கொடுக்கப்பட்டது.

மாஃபுஷி என்னும் சிறிய தீவு இதில் முன்னுக்கு வந்தது. அதுவரை சிறைச்சாலை ஒன்றினாலே பெயர் தெரிந்திருந்த ஊர் அது. மீன்பிடித்தவர்கள் விடுதிக்காரர்களாகவும் படகோட்டிகளாகவும் ஆனார்கள். ஊர் வழக்கத்துக்கு மாறான குளியல் உடைகளோடு விருந்தினர் எங்கும் உலாவாதபடி, அவர்களுக்கெனக் கடற்கரையில் ஒரு பகுதி மறைப்பிட்டு ஒதுக்கப்பட்டது. ஏறத்தாழக் கால் நூற்றாண்டாகத் தீராது என்று சொல்லப்பட்ட சிக்கலுக்கு ஊரவர்கள் ஒரு தட்டியினாலே விடை கண்டார்கள் என்று சொல்லலாம்.

ஆனாற் கதை அங்கே முடிந்துவிடவில்லை. இலாபம் கண்டதும் ஓரறை பத்தறையாயிற்று; பத்தறை மாடிகளாயின. இன்று மாஃபுஷிக் கரையிலே பல மாடி விடுதிகள் நெருங்கி நிற்கின்றன. குடிநீருக்கு அந்நாடு கடல்நீரை நன்னீராக்கும் இயந்திரங்களை நம்பியிருக்கிறது. 2014 டிசம்பரிலே தலைநகர் மாலேயின் அத்தகைய நிலையத்தில் தீப்பற்றியபோது, அயல்நாடுகள் விமானத்தில் நீர் அனுப்ப வேண்டியதாயிற்று. ஊரவன் கையில் இருப்பதனால் மட்டும் ஒரு விடுதி ஊருக்கு நல்லதாகிவிடாது. ஊரவனுக்கும் பேராசை உண்டு, மலக்குழிக்கும் சாதி பேதம் இல்லை.

சல்லிக்குத் திரும்புவோம். வீட்டோடு சேர்ந்த விருந்தினர் இல்லங்களை அரசின் உல்லாசப் பிரயாண அதிகார சபை ஒரு தனி வகுப்பாகப் பதிவு செய்கிறது. ஓர் அறை, நல்ல கட்டில், நுளம்பு வலை, துப்புரவான மலகூடம், இவற்றோடு இடியப்பமும் சொதியும், அன்று பிடித்த பாரை மீனோ சூடை மீனோ இருந்தால் விருந்தினர் குறை சொல்வது அரிது. உழைப்பிற் பெரும்பகுதி வீட்டுப் பெண்ணின் தலையில் விழும் என்பதை மறைக்கக்கூடாது. ஆகவே வரும் பணமும் அவள் கையிலே வர வேண்டும்; புத்தகத்தில் அவளே கணக்கு எழுத வேண்டும். இதைச் சொன்னாற் சில கணவன்மார் முகஞ் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

கடன் விஷயத்திலே மிகுந்த எச்சரிக்கை தேவை. 2019 ஏப்ரலிற் குண்டுகள் வெடித்தன; 2020 இற் பெருந்தொற்று வந்தது; 2022 இல் நாடு எரிபொருளுக்கு வரிசையில் நின்றது. நான்கு ஆண்டுகளில் மூன்று முறை பிரயாணிகள் வரவு முறிந்தது. வங்கிக் கடனில் மாடி எழுப்பியவனுக்கு வெற்று அறையும் வட்டி கேட்கும். இருந்த அறைக்கு வெள்ளையடித்து விட்டவனோ கதவைச் சாத்திவிட்டுத் தோணியைத் தள்ளலாம். வாடைக் காலத்திலே கடலும் இல்லை, விருந்தினரும் இல்லை. அந்நான்கு மாதங்களுக்கு வேண்டியதைக் கச்சானிலேயே எடுத்து வைக்க வேண்டும் என்பது கடற்றொழிலாளருக்குத் தெரிந்த கணக்குத்தான்.

தனித்தனி வீடுகளால் ஆகாத காரியங்களும் உள. குப்பை அகற்றுவது, கோவில் வீதியில் விருந்தினர் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டுமென எழுதி வைப்பது, ஒருவர் வாடகையை மற்றவர் குறைத்து முறிக்காமல் ஒரு மட்டத்தில் நிறுத்துவது, கரைவலைப் பாடுகளை அடையாளமிட்டு வைப்பது ஆகியவை ஊர் கூடிச் செய்ய வேண்டியவை. கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்கள் உள்ள கிராமங்களில் இதற்குப் புதிய சபை எதுவும் வேண்டியதில்லை.

தங்க வருவோரும் நான்கு கேள்விகள் கேட்கலாம். வீட்டார் இங்கேதான் குடியிருக்கிறார்களா? குடிநீர் எங்கிருந்து வருகிறது? மீன் யாரிடம் வாங்கப்பட்டது? புறாமலைக்குக் கொண்டுபோகும் படகு யாருடையது? கடைசிக் கேள்வியோடு, பவளத்தின்மேற் கால் வைக்கலாகாது என்று படகோட்டி சொல்கிறாரா என்பதையும் கவனித்துக்கொள்ளலாம்.

சல்லி போன்ற ஊரில் முதலிற் செய்ய வேண்டிய வேலைக்குப் பெரும் பணம் வேண்டாம். ஒவ்வொரு வளவிலும் மலக்குழிக்கும் கிணற்றுக்கும் இடையே எவ்வளவு தூரம் என்று அளந்து எழுதிக்கொள்வதே அது; தன் வளவுக் குழியோடு அடுத்த வளவுக் குழியையும் சேர்த்தே அளக்க வேண்டும், மணலுக்குள் வேலி கிடையாது. பாடசாலையின் மேல் வகுப்பு மாணவர்கள் அளவு நாடாவுடன் புறப்பட்டால் வேலை விரைவில் முடியும். கச்சான் தொடங்குமுன் அளந்துவிட வேண்டும்.