பழந்துணி போகும் வழி

கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்பது நம் பழமொழி. கந்தையையும் ஆடையாக மதித்த காலத்தின் சொல் அது. பருத்திச் சேலை நைந்தபின் குழந்தைக்குத் தூளியாயிற்று. தூளி கிழிந்தபின் கரித்துணியாயிற்று. எஞ்சிய கீற்று விளக்குத் திரியாயிற்று. வங்காளத்துப் பெண்டிர் பழஞ்சேலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, சேலைக் கரையிலிருந்து உருவிய நூலாலேயே தைத்துக் காந்தாப் போர்வை செய்தனர். பீகாரில் அதற்கொத்த கைவேலைக்குச் சுஜனி என்று பெயர். துணி நம் வீடுகளில் மெல்ல மூப்படைந்தது. ஒரே நாளில் குப்பையாகவில்லை.

இன்று நிலை வேறு. 2000-க்கும் 2015-க்கும் இடையில் உலகின் ஆடை உற்பத்தி ஏறத்தாழ இரு மடங்காயிற்று என மதிப்பிட்டிருக்கிறார்கள். ஓர் ஆடையை நாம் உடுக்கும் தடவைகளோ குறைந்துவிட்டன. விலை மலிவு, ஆகவே வாங்குவதும் எளிது, கழிப்பதும் எளிது. ஆனால் கடையில் நாம் கொடுக்கும் விலை ஒன்று. நிலமும் நீரும் கொடுக்கும் விலை வேறொன்று. ஒரு பருத்திச் சட்டைக்குப் பயிர் தொடங்கிச் செலவாகும் நீர் சுமார் 2,700 லிட்டர். ஒருவர் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் பருகப் போதுமான நீர் அது.

“வேண்டாத துணியைப் பிறருக்குக் கொடுத்துவிடுகிறோமே, வீண் எங்கே?” என்று நாம் கேட்கலாம். கழித்த துணி எங்கே போகிறது என்று சற்றுப் பின்தொடர்ந்து பார்ப்போம்.

தில்லிக்கு வடக்கே சுமார் 90 கிலோமீட்டர் தொலைவில் ஹரியாணா மாநிலத்துப் பானிப்பட்டு இருக்கிறது. போர்களால் சரித்திரத்தில் இடம் பெற்ற அவ்வூர், இன்று பழந்துணியை நூலாக்கும் தொழிலால் உலகறிந்த ஊர். மேலை நாடுகளில் கழித்த துணிகள் குஜராத்தின் காண்ட்லாத் துறைமுகம் வழியே மூட்டை மூட்டையாக வந்து, மீண்டும் உடுக்க இயலாதபடி வெட்டப்பட்டு, இங்கே சேர்கின்றன. பெண்கள் தரையில் அமர்ந்து பொத்தான்களையும் ஜிப்புகளையும் அறுத்து நீக்குகிறார்கள். பின்னர் துணிகள் நிறவாரியாகப் பிரிக்கப்படுகின்றன. ஆதலால் புதிதாகச் சாயம் தோய்க்க வேண்டியதில்லை. இயந்திரங்கள் அவற்றை நாராகப் பிய்க்க, அந்நாரிலிருந்து ‘ஷோடி’ என்னும் நூல் பிறக்கிறது. அந்நூலில் நெய்த கம்பளிகள் வெள்ளத்திலும் நிலநடுக்கத்திலும் வீடிழந்தோரின் குளிரைப் போக்கியிருக்கின்றன.

அரிய தொழில்தான். எனினும் அது எல்லையற்றதன்று. துணியைப் பிய்க்கும்போது நார் குறுகி வலுவிழக்கிறது. சட்டை மறுபடி அதே தரத்துச் சட்டையாவது அரிது. பருத்தியும் பாலியெஸ்டரும் கலந்த துணியைப் பிரிப்பதோ மிகக் கடினம். மலிவான புதுப் பாலியெஸ்டர் போர்வைகள் சந்தையை நிறைத்தமையால் ஷோடிக் கம்பளிக்கும் கிராக்கி குன்றியது. ஆலைகளில் பறக்கும் பஞ்சுத் தூசியோ தொழிலாளரின் மூச்சுப்பையைத் தாக்குகிறது. நாம் கழித்ததன் சுமையை இவ்வாறு வேறொருவர் உடம்பு தாங்குகிறது.

இத்தொழிலில் உழைக்கும் பெண்களைப் பற்றி மேக்னா குப்தா 2012-இல் ‘அன்ராவல்’ என்ற குறும்படம் எடுத்தார். இத்தனை நல்ல துணிகளை அந்நாட்டார் ஏன் எறிகிறார்கள் என்று அப்பெண்கள் அதில் வியக்கிறார்கள். ஒருவேளை அங்கே தண்ணீர் விலை அதிகமோ, துவைப்பதைவிட எறிவதே மலிவோ என்று அவர்களே ஒரு காரணமும் கற்பிக்கிறார்கள். கேட்கச் சிரிப்பு வரும். ஆனால் அதே வினாவை நம் வீட்டு அலமாரியைப் பார்த்து ஒருவர் கேட்டால், நாம் என்ன விடை சொல்வோம்?

ஆகவே பிறருக்குக் கொடுப்பது இரண்டாவது கடமை; நெடுநாள் உடுப்பதே முதற்கடமை. வாங்குமுன், இதை ஒரு முப்பது தடவையேனும் உடுப்போமா என்று நம்மையே கேட்டுக்கொள்வோம். பிரிந்த தையலை அன்றே தைப்போம். பொத்தான் தைக்கப் பெண்ணைப் போலவே பையனுக்கும் கற்பிப்போம். கொடுப்பதாயின் துவைத்து, கிழிசல் தைத்துக் கொடுப்போம். ஏழைக்கு ஈவது நம் குப்பையாக இருத்தல் ஆகாது.

நம் பாட்டிமார் துணியைப் பேணியது வறுமையால் மட்டுமன்று. அதில் அடங்கிய உழைப்பை அவர்கள் அறிந்திருந்தனர். வசதி வந்த நாளிலும் அந்த அறிவை நாம் இழக்க வேண்டியதில்லை.