பழைய உறவும் புதிய முகமும்

இடமாற்றம் என்னும் சொல்லை அறியாத உத்தியோகத்தர் குடும்பம் நம் நாட்டில் இல்லை. ஒரு கடிதம் வருகிறது. மட்டக்களப்பில் இருந்தவர் மன்னாருக்குச் செல்ல வேண்டும். கட்டிலும் அலுமாரியும் லொறியில் ஏறுகின்றன. பிள்ளைகளுக்குப் புதிய பள்ளிக்கூடம் தேட வேண்டியிருக்கிறது. உளநூலாரும் ஓர் இடமாற்றத்தைப் பற்றிப் பேசுகின்றனர். ஆங்கிலத்தில் அதனை 'டிரான்ஸ்பரன்ஸ்' என்பர். அங்கே பெயர்வது மனிதரன்று. ஒருவர்மீது நாம் முன்னர்க் கொண்டிருந்த அன்போ அச்சமோ பகையோ, நம்மை அறியாமலே இன்னொருவர்மீது சென்று அமர்ந்து கொள்கிறது. உணர்ச்சி இடமாற்றம் என்று அதனை இங்கே குறிப்பிடுவோம். இக் கருத்து இன்று உளவைத்தியரின் அறையை விட்டு வெளியேறி, வீட்டுச் சண்டைகளிலும் கந்தோர்ப் பேச்சுகளிலும் புழங்கத் தொடங்கிவிட்டது. அவ்வாறு புழங்கும்போது அது விளைக்கும் நன்மையோடு ஒரு தீங்கும் உண்டு.

இக் கருத்தை உளவைத்தியத்திற்குத் தந்தவர் வியன்னா நகரத்து வைத்தியர் சிக்மண்ட் பிராய்ட். 1895 ஆம் ஆண்டில், புரோயர் என்னும் மூத்த வைத்தியரோடு சேர்ந்து அவர் வெளியிட்ட நூலிலேயே இது இடம்பெறுகிறது. ஜெர்மன் மொழியில் அவர் ஆண்ட சொல் 'ஊபர்டிராகுங்'. அப்பால் எடுத்துச் செல்லுதல் என்பது அதன் பொருள். மொழிபெயர்ப்புக்கும் அச்சொல் வழங்கும். இந்த ஒலிவாங்கியின் முன் நான் பேசுவது உங்கள் வீட்டிற் கேட்கிறதே, அந்த ஒலிபரப்புக்கும் ஜெர்மானியர் அதே சொல்லைத்தான் கூறுவர்! நம் இலக்கணத்தில் ஆகுபெயர் என்று ஒன்று உண்டு. 'ஊர் சிரித்தது' என்னும்போது ஊரின் பெயர் ஊராருக்கு ஆகி வருகிறது. ஆனால் அவ்வாறு சொல்பவன் தான் செய்வதை அறிவான். உணர்ச்சியை இடம் மாற்றுபவனோ அறியான்.

ஓர் இலிகிதரை எண்ணிக் கொள்ளுங்கள். வயது நாற்பது, வேலையிற் குறைவில்லாதவர். கந்தோருக்குப் புதிய மேலதிகாரி ஒருவர் வருகிறார். மூக்குக்கண்ணாடியைச் சற்றே தாழ்த்தி, கோவை ஒன்றைப் பார்த்து, "இதை எழுதியவர் யார்?" என்று கேட்கிறார். கேள்வி அவ்வளவே. இலிகிதருக்கு உள்ளங்கை வியர்க்கிறது, நா எழவில்லை. மாலையில் வீடு சேர்வதற்குள் அச்சம் கோபமாகிவிடுகிறது. "இந்த மனிதர் என்னைத் தொலைக்கவே வந்திருக்கிறார்" என்று மனைவியிடம் கூறுகிறார். முப்பது ஆண்டுகளுக்கு முன், அவருடைய தகப்பனார் அதே விதமாகக் கண்ணாடியைத் தாழ்த்திப் பள்ளிக்கூட அறிக்கையைப் பார்ப்பார். ஒரு கேள்வி கேட்பார். பின்னே பிரம்பு வரும். மேலதிகாரி இதனை எங்ஙனம் அறிவார்? வந்த முதல் நாளிலேயே, தாம் செய்யாத குற்றத்துக்கு அவர் தண்டனை பெற்றுவிட்டார்.

அன்பும் இவ்வாறே பெயரும். வைத்தியரைத் தந்தையாகவும் பரிசாரகியைத் தாயாகவும் எண்ணிச் சொன்னதையெல்லாம் நம்பிவிடும் நோயாளர் பலர். பலவேளை அந்த நம்பிக்கையே மருந்துக்குத் துணை செய்கிறது. அதனால் அதனை எப்பொழுதும் குறையென்று சொல்வதற்கில்லை.

பொதுமக்கள் வழக்கில் இதனோடு வேறு சிலவும் கலந்து விடுகின்றன. கந்தோரில் வாங்கிய ஏச்சை வீட்டில் மனைவி மக்கள்மீது காட்டுவது வேறு. அங்கே கோபம் இன்றையது, ஆளே மாறியது. தன் மனத்திலுள்ள பொறாமையைப் பிறர் மனத்திலிருப்பதாகக் காண்பதும் வேறு. உணர்ச்சி இடமாற்றத்தில், பழைய உறவு ஒன்று முழுமையாகவே புதிய முகத்தின்மேற் படிகிறது.

இனி, முன்னர்ச் சொன்ன தீங்குக்கு வருகிறேன். பிராய்டிடமே அதற்கு எடுத்துக்காட்டு இருக்கிறது. 1900 ஆம் ஆண்டின் இறுதி மாதங்களில் பதினெட்டு வயதுப் பெண் ஒருத்தியை அவர் சிகிச்சைக்கு ஏற்றார். 'டோரா' என்பது அவர் அவளுக்கு இட்ட புனைபெயர். அவளுடைய தந்தையின் நண்பர், மனைவி மக்கள் உள்ளவர், ஏரிக்கரையொன்றில் அவளிடம் முறைகேடாக நடக்க முயன்றார். அவள் வீட்டாரிடம் கூறினாள். நண்பர் மறுத்தார்; தந்தையும் அதனைப் பெண்ணின் கற்பனை என்றே கொண்டார். அந்த நண்பரின் மனைவிக்கும் தந்தைக்கும் தொடர்பிருந்தது என்பதும் அவளுக்குத் தெரியும். மகளின் மனத்தை நல்வழிப்படுத்துமாறு கேட்டு அவளைப் பிராய்டிடம் கொண்டு வந்தவர் அந்தத் தந்தையே.

பிராய்ட் நிகழ்ச்சியை நம்பினார். ஆயினும், உள்ளூர அவள் அந்த நண்பரை விரும்பினாள் என்று அவளுக்கே விளக்கிக் கொண்டிருந்தார். மார்கழி 31 ஆந் திகதி, இன்றோடு நிறுத்திக் கொள்கிறேன் என்று கூறி அவள் சென்றுவிட்டாள். 1905 இல் வெளிவந்த குறிப்பிற் பிராய்ட் தம் தவற்றை ஒப்புக்கொள்கிறார்: அந்த நண்பர்மீதிருந்த சினத்தை அவள் தம்மீது இடம் மாற்றினாள், அதனைத் தாம் உரிய காலத்திற் காணவில்லை என்பது அவர் கூற்று. நேர்மையான ஒப்புதல்தான். ஆனால் அவள் சினம் முழுவதும் பழையதா? தந்தையின் வேண்டுகோளின்பேரில் தன்முன் அமர்ந்து, தான் சொன்னதற்கு வேறு பொருள் கூறிய ஒருவர்மீது ஓர் இளம்பெண் கோபங்கொள்ளப் பழங்கணக்கு வேண்டியதில்லையே. வைத்தியரும் தம் பழைய உணர்ச்சிகளை நோயாளர்மேல் ஏற்றக்கூடும் என்பதைப் பிராய்ட் 1910 இலேதான் எழுதினார்.

நேயர்களே, நம் இலிகிதரின் மேலதிகாரி உண்மையிலேயே அநீதி செய்பவராக இருந்தால் எப்படி? "உமக்கு உம் தகப்பனார்மேற் கோபம்" என்று சொல்லி அவர் முறைப்பாட்டை மடக்கிவிடலாம் அல்லவா? கற்றவர் வாயில் இச்சொல் அவ்வளவு வசதியானது. புதியவர் என்ன சொன்னார், என்ன செய்தார், அதற்கு எழுந்த உணர்ச்சி அளவோடுள்ளதா என்று முதலிற் பார்க்க வேண்டும். தகப்பனாரை அதன் பின்னரே அழைக்கலாம்.

டோரா 1902 ஆம் ஆண்டு சித்திரை முதலாந் திகதி பிராய்டிடம் ஒருமுறை திரும்பி வந்தாள். இடையில் அந்த நண்பர் வீட்டில் ஒரு குழந்தை இறந்துபோக, துக்கம் விசாரிக்கச் சென்றவள் கணவன் மனைவி இருவரிடமும் உண்மையை நேரே கேட்டிருந்தாள். ஏரிக்கரையில் நடந்ததை அவர் ஒப்புக்கொண்டார். அச் செய்தியை அவள் தந்தையிடம் கொண்டு சேர்த்தாள். தம் சிகிச்சையை இடையில் விட்டுச் சென்றதற்காக அவளை மன்னிப்பதாகத் தாம் வாக்களித்தாரெனப் பிராய்ட் எழுதியிருக்கிறார்.