மணிக்கட்டு முறிவும் சஸ்திர சிகிச்சையும்

(ரெட்டியார்பாளையம் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



வழுக்கி விழுவோர் கையூன்றுங்கால் முன்கையின் ஆரை எலும்பு மணிக்கட்டருகே முறிதல் இயல்பு. நம்மவர் பலர் உடனே கட்டுப் போடுவோரை நாடுகின்றனர். இறுக்கிய கட்டு இரத்த ஓட்டத்தை மறித்து விரல்களை அழுகச் செய்தலும் உண்டு. 1823-இல் பிரெஞ்சு ஆட்சியில் தோன்றிய மருத்துவப் பள்ளியின் வழிவந்த ஜிப்மர், அண்மையிலுள்ள கோரிமேட்டில் இருக்க, நமக்கு இவ்விடர் எதற்கு?

எல்லா முறிவுக்கும் கத்தி வேண்டுவதில்லை. எலும்பு விலகாவிடின் பெரும்பாலும் மாவுக்கட்டே போதும். விலகி நிலைகொள்ளாதாயின், கையை மட்டும் மரக்கச் செய்தோ முழு மயக்கம் தந்தோ, தகடும் திருகாணியும் வைத்துப் பொருத்துவர். வளையல், மோதிரங்களை முன்னரே கழற்றுக. சொன்ன நேரமுதல் உணவு கொள்ளற்க. சர்க்கரை நோயையும் உண்ணும் மருந்துகளையும் மறையாது உரைக்க.

பின்னர்ச் சில நாள் வீக்கமும் நோவும் இருக்கும். கையை உயர்த்தி வைத்தல் நன்று. விரல் மரத்தாலும், நிறம் மாறினாலும், நோவு மிகுந்தாலும், சீழ் கண்டாலும் அன்றே வைத்தியரைக் காண்க. எலும்பு கூட ஏறக்குறைய 6 வாரமாகும்; கைவலிமை மீளப் பல மாதமாகும். தகடு பெயருமென்றஞ்சி விரல்களை அசையாது வைப்போர், விறைத்த கையோடு வருந்துவர். வைத்தியர் காட்டியவாறு நாடோறும் அசைத்தல் வேண்டும்.

கை தேறுமுன் தாய்மார்கள் குடம் தூக்கப் புகவேண்டா. அவ்வேலையை ஆடவர் ஏற்குமாறு நாம் வேண்டிக்கொள்கிறோம்.